மன்மதனும் மைனரும்: எம்.கே. தியாகராஜ பாகவதர் வாழ்வில் சில சொற்கள்

வாழ்க்கை வரலாறு எழுதுவோர், தலைவர் பெற்ற பட்டங்களை நிரல்படத் தொகுத்துரைப்பதை மரபாகக் கொண்டுள்ளனர். அவை மேடையில் பொன்னாடையோடு வழங்கப்பெற்றவை. அவற்றினும் வேறாக, எவரும் கூடித் தீர்மானியாமல் தெருவும் திண்ணையும் தாமே ஒருவருக்குச் சூட்டிவிடும் பெயர்களும் உண்டு. மாயவரம் கிருஷ்ணமூர்த்தி தியாகராஜ பாகவதரை மேடை 'ஏழிசை மன்னர்' என்று போற்றியது; தெரு 'மன்மதன்' என்று வியந்தது. பெண்ணைக் கவரும் ஆணைக் குறிக்கத் தமிழ்ப் பேச்சு வழக்கில் எத்தனை சொற்கள் உண்டோ, அவற்றுள் பல இவருடைய வாழ்வின் ஓரத்தை உரசிச் சென்றிருக்கின்றன. சில மாலையாக விழுந்தன. சில கல்லாக விழுந்தன. அச்சொற்களின் பிறப்பையும் பொருளையும் அறிந்தாலன்றி அவ்வாழ்வின் ஏற்றமும் வீழ்ச்சியும் முழுமையாக விளங்கா.

பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை

1910 மார்ச் 1ஆம் நாள் மாயவரத்தில், பொற்கொல்லர் மரபைச் சேர்ந்த கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரியாரின் மகனாகத் தியாகராஜர் பிறந்தார். குடும்பம் பின்னர்த் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்தது. பள்ளிப் படிப்பில் மனம் பற்றாத சிறுவனுக்குப் பாட்டில் பற்றியது. இரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞரும் திருச்சி ரசிக ரஞ்சன சபையின் தூணுமாக விளங்கிய எஃப்.ஜி. நடேசய்யர் அக்குரலைக் கேட்டு, அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். மதுரை பொன்னு ஐயங்காரிடமும் ஆலத்தூர் வேங்கடேச ஐயரிடமும் முறையான இசைப் பயிற்சி கிடைத்தது. தியாகராஜன் என்ற பெயரோடு 'பாகவதர்' என்பது ஒட்டிக்கொண்டது. பகவானின் புகழைப் பாடும் அடியார் என்பது அதன் பொருள். பின்னாளில் மன்மதன் என்று பேசப்பட்டவருக்கு முதலில் வாய்த்த பெயர் அடியாரின் பெயரே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வாலிபப் பருவத்தில் எஸ்.டி. சுப்புலட்சுமியோடு அவர் நடித்த 'பவளக்கொடி' நாடகம் பெரும்புகழ் பெற்றது. அதுவே கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் 1934இல் திரைப்படமாயிற்று. பாகவதர் ஏற்றது அருச்சுனன் வேடம். வியாசரின் அருச்சுனன் வில்லாளி. தமிழ்நாட்டு அருச்சுனனோ அல்லி அரசாணி மாலையிலும் பவளக்கொடி மாலையிலும் நாடெங்கும் காதலியரைத் தேடித் திரிபவன். கொடுக்கும் கையைக் கர்ணன் என்பது போல, பெண்டிர் மனம் கவர்வோனை அருச்சுனன் என்று கூறும் பேச்சு இக்கதைப் பாடல்களிலிருந்து எழுந்ததே. ஆக, திரையில் அவர் அணிந்த முதல் வேடமே, பிறகு அவரைச் சுற்றிப் படரப்போகும் சொற்கொடிக்கு ஊன்றிய கொழுகொம்பாயிற்று.

மன்மதன் என்னும் சொல்

மனத்தைக் கடைந்து கலக்குபவன் என்று மன்மதனுக்குப் பொருள் கூறுவர். மாரன், மதனன், காமவேள் என அவனுக்குத் தமிழில் வேறு பெயர்களும் வழங்கும். அவற்றுள் கவிஞர்கள் ஊன்றி நோக்க வேண்டியது 'அனங்கன்' என்பது. அங்கம் இல்லாதவன், உடலற்றவன் என்பது அதன் பொருள். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் எரிந்துபோனதால் உடலின்றி, இரதியின் கண்ணுக்கு மட்டும் புலனாகித் தன் தொழிலைத் தொடர்கிறான் காமன். அவன் எரிந்த தலமாகப் போற்றப்படும் திருக்குறுக்கை, அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. பாகவதர் பிறந்த மாயவரத்துக்கு அருகிலேயே உள்ளது.

அழகனைப் புகழ ஒரு தெய்வத்தின் பெயரை எடுத்தாண்ட தமிழர், அத்தெய்வம் எரிக்கப்பட்ட தெய்வம் என்பதை மறந்தே அவ்வாறு செய்தனர் எனக் கருத இடமில்லை. தஞ்சை வட்டாரத்துக் காமன் பண்டிகையில், எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் எதிரெதிரே அமர்ந்து விடிய விடிய லாவணி பாடும். காமன் எரிந்தே போனான் என்பது ஒரு கட்சி. அவனை எரிக்க இயலாது என்பது மறு கட்சி. மன்மதன் என்ற புகழ்ச்சொல்லுக்குள் இவ்வழக்கு என்றும் முடியாமலே கிடக்கிறது.

பொன்னிற மேனி, தோள்வரை புரண்ட குழல், காதில் வைரக் கடுக்கன், நெற்றியில் பொட்டு, பட்டு ஜிப்பா: இவையே பாகவதரின் தோற்றம். 'பாகவதர் கிராப்பு' என்று அவர் குழலுக்கே பெயர் ஏற்பட்டு, முடிதிருத்தும் கடைகளில் இளைஞர்கள் அப்பெயர் சொல்லிக் கேட்கும் நிலை உண்டாயிற்று. அவர் சொக்குப்பொடி போடுகிறார் என்ற வேடிக்கைப் பேச்சின் வேர், மதுரைச் சொக்கனின் பெயரில் உள்ள அதே 'சொக்கு'. கண்டார் தம்மை மறக்கும் அழகு என்பது அதன் கருத்து. இவையெல்லாம் வியப்பின் சொற்கள். ஒரு நாட்டுமக்கள் ஒரு கலைஞன்பால் கொண்ட காதலின் சொற்கள்.

டம்பாச்சாரியும் மைனரும்

வியப்பின் சொற்களுக்குப் பக்கத்திலேயே பழிப்பின் சொற்களும் தமிழில் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளன. திருக்குறள் புலவி நுணுக்கத்தின் முதற்குறளிலேயே தலைவனைத் தலைவி 'பரத்த' என விளிக்கிறாள். பரத்தை என்னும் பெண்பாற்சொல் பெருவழக்காகவும் அதன் ஆண்பால் அருகிய வழக்காகவும் நின்றமை ஆராயத்தக்கது. விறலிவிடு தூது நூல்கள், தாசியிடம் பொருளைத் தோற்றுத் திரும்பும் ஆடவனை நகைக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காசி விசுவநாத முதலியார் இயற்றிய 'டம்பாச்சாரி விலாசம்' என்னும் நாடகம், தாசியின்பால் மயங்கிச் செல்வத்தை அழித்த ஆடம்பரக்காரனை மேடையேற்றிற்று. அதன் பின் டம்பாச்சாரி என்பது ஒரு நாடகப் பாத்திரத்தின் பெயராக நில்லாமல் பொதுப்பெயராயிற்று. ஷோக்கு என்ற அரபு, பாரசீக வழிச்சொல்லோடு பேர்வழியைச் சேர்த்து ஷோக்குப் பேர்வழி பிறந்தான். வடமொழி லோலன், அசைந்தாடும் மனமுடையவன், ஸ்திரீலோலனாகிப் பத்திரிகைத் தமிழில் நடமாடினான்.

இவையனைத்தையும் விஞ்சி நிலைத்தது 'மைனர்'. வயது நிரம்பாதவன் என்னும் ஆங்கிலச் சட்டச்சொல் பெண்பித்தனைக் குறிக்க வந்தது எவ்வாறு? ஜமீன்தார் இறந்து வாரிசு சிறுவனாக இருப்பின், எஸ்டேட்டை அரசின் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' மேற்கொண்டு நடத்தும். அவ்வாரிசு அரசு ஏடுகளில் மைனர். ஊரார் வாயிலும் மைனர். சென்னைத் தேனாம்பேட்டையின் நியூயிங்டன் மாளிகையில் அத்தகைய இளவல்களுக்கெனத் தனிப்பள்ளியே நடந்தது. உரிய வயது வந்ததும், சேமிப்பாய் நின்ற பெரும்பணம் ஒரே நாளில் கைக்கு வரும். உழைப்பின்றி வந்த பணம், தட்டிக் கேட்கத் தந்தை இல்லாத இளமை, சுற்றிலும் துதிபாடுவோர்: இம்மூன்றும் கூடிய வாழ்க்கைக்கு ஊர் இட்ட பெயரே மைனர். ஐம்பது வயதானாலும் அவர் மைனராகவே இருந்தார்.

மேடையும் திரையும் மைனருக்கு ஓர் உடையையும் வகுத்தன. மெல்லிய மல் ஜிப்பா, அதனூடே வெண்மையாய்த் தெரியும் பனியன், கழுத்தில் மைனர் செயின், அத்தர் மணம். உழைப்பவன் வியர்வையை உறிஞ்சுவதற்கென்று திருப்பூர் பின்னித் தரும் பனியன், மைனரின் மேனியில் மட்டும் பகட்டுப் பொருளாயிற்று.

மன்மதன் என்ற சொல்லும் மைனர் என்ற சொல்லும் ஒரே ஆற்றலையே குறிக்கின்றன. அதனை நோக்கும் கண்கள்தாம் வேறு. முன்னது தெய்வத்திடமிருந்து வந்தது. பின்னது பத்திரக் கட்டிலிருந்து வந்தது. முன்னதில் வேட்கை உண்டு. பின்னதில் பொறாமை உண்டு. பொற்கொல்லர் வீட்டில் பிறந்து, தன் குரல் ஒன்றையே முதலாகக் கொண்டு உயர்ந்த பாகவதரிடம் மைனருக்குரிய பிறவிச் செல்வம் ஏதும் இருந்ததில்லை. ஆயினும் பட்டும் வைரமும் அணிந்த ஆணுக்கு ஊர் வைத்திருந்த சட்டைகள் இவ்விரண்டே.

வெள்ளித்திரையின் தண்டனைகள்

1937இல் வெளிவந்த 'சிந்தாமணி' பாகவதரை ஈடற்ற நட்சத்திரமாக்கியது. அதில் அவர் பில்வமங்களன். கணிகை ஒருத்தியின் காதலில் இல்லறத்தை மறந்து, பின் கண்ணனின் அடியாராகிறவன். அவ்வாண்டே எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி' வந்தது. தமிழறியா அமெரிக்கராகிய டங்கன், ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டில் காதற் பகுதிகளைக் குறித்துக் கொடுக்க, உரையாடல் ஆசிரியர் இளங்கோவன் அவற்றைத் தமிழ் மரபுக்கேற்ப மாற்றி எழுதினார் என்று திரைவரலாற்றாசிரியர் பதிவு செய்துள்ளனர். ரோமியோவும் அம்பிகாபதியும் காதலுக்காகவே உயிர் துறந்தவர்கள். அப்பெயரோ தமிழ்நாட்டுப் பேருந்து நிறுத்தங்களில், வருவோர் போவோரையெல்லாம் வழிமறிக்கும் வீணரின் பெயராகத் தேய்ந்தது. வெனிஸ் நகரத்துக் காசனோவா உண்மையிலேயே வாழ்ந்து தன் காதற் கதைகளைத் தானே எழுதி வைத்தவர். அவர் பெயர் அவருக்குப் பொருந்தும். ரோமியோவுக்கு நேர்ந்ததோ பெரும் அநீதி.

1939இல் 'திருநீலகண்டர்', தாசி வீடு சென்ற குற்றத்துக்காக மனைவியின் ஆணைக்குக் கட்டுப்பட்டு முதுமை வரை அவளைத் தீண்டாது வாழ்ந்த குயவனாரின் வரலாறு. 1941இல் 'அசோக்குமார்'; மாற்றாந்தாயின் தகாத வேட்கைக்கு இணங்க மறுத்துக் கண்களை இழக்கும் குணாளனின் கதை. 1944இல் 'ஹரிதாஸ்', கணிகையிடம் மயங்கி, பெற்றோரை இகழ்ந்து, கால்களை இழந்து, பின் திருந்தும் மகனின் கதை.

இவற்றை ஒருசேர நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். பாகவதரின் புகழ்பெற்ற பாத்திரங்களில் அவர் மயக்குபவர் அல்லர். பெரும்பாலும் மயங்குபவர் அல்லது மறுப்பவர். ஒவ்வொரு கதையும் அவருடைய உடலுக்கு ஒரு தண்டனை விதிக்கிறது. அம்பிகாபதிக்குத் தலை, குணாளனுக்குக் கண், ஹரிதாசனுக்குக் கால். அழகிய ஆணைக் கண்ணாரக் கண்டு களித்த அவையினர், படம் முடியுமுன் அவ்வழகு தண்டிக்கப்படுவதையும் விரும்பினர். மன்மதனைக் காண வந்தவர்கள், மன்மத தகனத்தையும் பார்த்துவிட்டே வீடு திரும்பினர்.

இக்கதைகளில் வரும் பெண்களுக்கு வழங்கிய சொற்களையும் இவ்விடத்து ஒப்பு நோக்க வேண்டும். 'ஹரிதாஸ்' படத்தில் கணிகை ரம்பாவாகத் தோன்றிய டி.ஆர். இராஜகுமாரி, பாகவதருக்கு ஈடாகவே அவையை வசப்படுத்தினார். ஆயினும் மயக்கும் ஆணுக்குத் தெய்வப்பெயர் வைத்த அதே தெரு, மயக்கும் பெண்ணுக்கு மாயக்காரி என்றும் அதனினும் இழிந்தனவுமான சொற்களையே எடுத்து வைத்திருந்தது. ஆண் திருந்தி அடியாராகலாம்; பெண்ணுக்குக் கதையில் அவ்வழி அரிதாகவே திறந்தது.

கொங்கு நாடு இவ்வரலாற்றில் பார்வையாளராக மட்டும் நின்றதில்லை. கோவையின் சென்ட்ரல் ஸ்டுடியோ, சென்னைக்கு இணையாகத் தமிழ்ப்படங்களை உருவாக்கிய காலம் அது. 1943இல் வெளிவந்த 'சிவகவி'யும் அடுத்த ஆண்டின் 'ஹரிதாஸ்' படமும் அங்கு உருவானவையே. மன்மதனைத் தமிழகம் முழுமைக்கும் நெய்து அனுப்பிய தறிகளுள் ஒன்று இப்பகுதியில் ஓடியது எனலாம்.

1944ஆம் ஆண்டு

1944 அக்டோபர் 16, தீபாவளியன்று 'ஹரிதாஸ்' வெளியாயிற்று. பாபநாசம் சிவன் இயற்றிச் சாருகேசி இராகத்தில் பாகவதர் பாடிய 'மன்மத லீலை'ப் பாடல் ஊரெங்கும் ஒலித்தது. தெரு அவருக்குச் சூட்டிய பெயர் இப்போது அவர் வாயிலிருந்தே பாட்டாக எழுந்தது.

அதே காலத்தில் வேறு வகையான எழுத்து ஒன்றும் சென்னையில் விற்றுக்கொண்டிருந்தது. சி.என். லட்சுமிகாந்தன் 1943இல் தொடங்கிய 'சினிமா தூது' வார இதழ், நடிகர் நடிகையரின் அந்தரங்க வாழ்வு எனத் தான் சொல்லியவற்றை அச்சிட்டுப் பரப்பியது. பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட, இதழின் உரிமம் நீக்கப்பட்டது. லட்சுமிகாந்தனோ 'இந்து நேசன்' என்னும் இதழ் வழியாக அப்பணியைத் தொடர்ந்தார். திண்ணையில் வியப்பாகப் பேசப்பட்டவை, அச்சில் ஏறியபோது குற்றச்சாட்டாக உருமாறின. பேச்சு காற்றோடு போகும், அச்சு நிற்கும்.

1944 நவம்பர் 8ஆம் நாள் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். 'ஹரிதாஸ்' வெளியாகி 23 நாட்களே ஆகியிருந்தன. அவ்வாண்டு டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945இல் நடுவர் குழு முன் நடந்த விசாரணையில் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறு விசாரணைக்காகச் சென்னைக்குத் திரும்பியது. 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர்கள் என விடுதலை செய்தது.

நீதிமன்றத்தில் நடந்தது கொலை வழக்கு. வெளியில் நடந்ததோ சொல் வழக்கு. மன்மதன் என்றவர்களே மைனர் என்றனர். அழகு, பொன், பட்டு, பெண்களின் திரள் என முன்பு புகழுக்குக் காரணமாயிருந்த ஒவ்வொன்றும், இப்போது பழிக்குச் சான்றாக எண்ணப்பட்டது. அவர் மாறவில்லை, அவரைக் குறித்த சொல் மாறியது.

ஆயினும் இவ்வரலாற்றின் விந்தை அதற்கு அப்பால் உள்ளது. சென்னைப் பிராட்வே திரையரங்கில் 'ஹரிதாஸ்' 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாடியவர் சிறையில்; பாட்டு கொட்டகையில். உடல் கம்பிகளுக்குள் வாட, குரல் மாலைதோறும் ஆயிரவர் நடுவே உலவியது. அனங்கன் என்னும் சொல்லுக்கு இதனினும் துல்லியமான உரையைத் தமிழ் கண்டதில்லை.

எஞ்சிய ஆண்டுகள்

விடுதலையான பாகவதருக்குப் பழைய உலகம் திரும்பக் கிடைக்கவில்லை. அவர் நடிப்பதாக இருந்த 'உதயணன் வாசவதத்தை'யில் ஜி.என். பாலசுப்பிரமணியம் நடித்து முடித்திருந்தார். பாகவதரே தயாரித்த 'ராஜமுக்தி' புனேயில் உருவாயிற்று. அதற்கு உரையாடல் எழுதச் சென்ற புதுமைப்பித்தன் காசநோய் முற்றித் திரும்பி, படம் வெளிவருமுன்பே 1948 ஜூன் 30இல் மறைந்தார். தமிழ் உரைநடைக்கு நேர்ந்த பேரிழப்பு ஒன்று பாகவதர் வரலாற்றோடு இவ்வாறு பிணைந்து கிடக்கிறது. 'ராஜமுக்தி' வெற்றி பெறவில்லை. 1952இல் 'அமரகவி', 'சியாமளா' எனப் படங்கள் வந்தன. 1957இல் அவரே இயக்கிய 'புது வாழ்வு' வந்தது. காலம் வேறு குரல்களையும் வேறு முகங்களையும் நாடிவிட்டது. பாட்டால் நடந்த சினிமா, வசனத்தால் நடக்கத் தொடங்கியிருந்தது. தெருவும் தன் பழைய சொற்களுக்குப் புதிய உரிமையாளரைத் தேடிற்று. பின்னாளில் ஜெமினி கணேசனுக்குக் 'காதல் மன்னன்' என்ற பெயர் அமைந்தது.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பாகவதரை வாட்டின. கோயில்களிலும் கச்சேரி மேடைகளிலும் அவர் பாடிக்கொண்டேயிருந்தார். அவருடைய இறுதிக் கச்சேரி 1959 அக்டோபரில் பொள்ளாச்சியில் நிகழ்ந்தது. அதன்பின் உடல்நிலை சீர்கெட்டு, சென்னைப் பொது மருத்துவமனையில் 1959 நவம்பர் 1ஆம் நாள் காலமானார். அகவை 49. திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 'சிவகாமி' அவர் மறைவுக்குப் பின் 1960இல் வெளிவந்தது.

சொல்லின் பொறுப்பு

1976இல் கே. பாலசந்தர், பல பெண்களை நாடும் கணவனின் கதைக்கு 'மன்மத லீலை' என்றே பெயரிட்டார். வியப்பிலிருந்து பழிப்புக்கும் பழிப்பிலிருந்து நகைப்புக்கும் சொற்கள் இவ்வாறே பயணம் செய்கின்றன. பயணம் எப்போதும் தீங்கற்றதன்று. வேலைக்குச் செல்லும் பெண்ணை வழியில் துன்புறுத்துபவனை ரோமியோ என்றும் மன்மதக் குஞ்சு என்றும் கூறுகையில், அவள் பட்ட துன்பம் வேடிக்கையாகிவிடுகிறது. 1998இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே 'ஈவ் டீசிங்', அதாவது கேலி செய்தல், என்ற சொல் நின்றது. 2002இல் அப்பெயர் நீக்கப்பட்டுப் பெண்களைத் துன்புறுத்துதல் என மாற்றப்பட்டது. கேலி எனப்பட்டது துன்புறுத்தலென்று உரைக்கப்பட ஒரு சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் பனியன் கம்பெனிகளுக்கு நாள்தோறும் நடந்து செல்லும் திருப்பூரில் இம்மாற்றத்தின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

குற்றவாளிக்குத் தெய்வப்பெயர் சூட்டி அவன் குற்றத்தை மறைப்பதும், கலைஞனுக்கு மைனர் பெயர் சூட்டி அவன் கலையை மறைப்பதும் சொல்லைப் பிழைபடக் கையாளுதலின் இருவேறு முகங்கள். பாகவதர் வாழ்வு கவிஞர்க்கு விட்டுச்செல்லும் பாடம் இதுவே. சொல்லைப் படைப்பவர் பலர். அது சென்று தைக்கும் மார்பு ஒன்றே.

எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் அவரைப் பொறுத்தவரை இரண்டும் வென்றன. பொன்மேனி எரிந்தது, செல்வம் கரைந்தது, அவரைப் பழித்த இதழ்களும் மறைந்தன. பழைய இசைத்தட்டு ஒன்று எங்கேனும் சுழலும்போது, கேட்பவர் செய்துகொண்டிருந்த வேலையை ஒரு கணம் நிறுத்துகிறார்.